சம்பூர்க் கரையிலிருந்து கோணமலை

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது சம்பூர். அங்கே கடலோரத்தில் நின்று வடக்கே பார்த்தால் தண்ணீருக்கு அப்பால் கோணமலை, அதாவது சுவாமி மலை, தெரியும். திருகோணமலை நகரத்துக்குள் இருந்து அந்த மலையைப் பார்க்கப் போனால் கண் பல இடங்களில் சிக்கிக்கொள்ளும். கோட்டை வாசல், அதைத் தாண்டியதும் திரியும் மான்கள், அர்ச்சனைத் தட்டுக் கடைகள், கோயிலுக்கு ஏறும் கூட்டம் என்று மலையின் உருவம் மட்டும் பிடிபடாது. சம்பூரிலிருந்து பார்க்கும்போது மலை தவிர வேறெதுவும் இல்லை. தாழ்ந்து வரும் நிலம் கடலுக்குள் நீண்டு, கடைசியில் நிமிர்ந்து, செங்குத்தாக நீரில் இறங்குகிறது. கடல் வழியாக இந்தத் துறைமுகத்துக்கு வந்தவர்கள் யாராக இருந்தாலும் முதலில் கண்டது இந்த உருவத்தைத்தான். உலகம் முழுக்கப் பத்துப் பதினைந்து விதமாக எழுதப்பட்ட ஒரு பெயர் இதைப் பார்த்துப் பிறந்தது.

நான் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரன். ஊர்ப் பெயர்கள் மேல் எனக்கு இருக்கும் பிடிப்பு அங்கே தொடங்கியது. டென்மார்க்காரர்கள் எங்கள் ஊரை ட்ராங்கெபார் என்று எழுதினார்கள். எங்களுக்கோ பள்ளிக்கூடத்திலேயே, தரங்கம் என்றால் அலை, அலைகள் பாடும் இடம் தரங்கம்பாடி என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. குலசேகரன்பட்டினம் என்ற மறுபெயரையும் தருகிறது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கல் அது. அலையும் பாட்டும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. ஒலி முதலில் வந்தது, அந்த ஒலிக்கு அழகான பொருளை யாரோ பிறகு பொருத்தினார்கள். அதை அறிந்த நாளிலிருந்து ஒரு பெயருக்கு இனிமையான விளக்கம் கேட்டால் உடனே தலையாட்ட முடிவதில்லை.

எங்கள் ஊரையும் இந்தக் குடாவையும் ஒரே கப்பல் கூட்டம் இணைத்திருக்கிறது. 1618இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட ஓவே யெத்தேயின் கப்பல்கள் 1620 மே மாதம் இந்தக் கரையை அடைந்தன. கண்டி அரசன் செனரத்தோடு உடன்படிக்கை செய்து, கோணமலையில் கோட்டை கட்டும் வேலையையும் தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் பெற்றுத் தரங்கம்பாடியில் காலூன்றினார்கள். கோணமலை வாய்த்திருந்தால் டேன்ஸ்போர்க் கோட்டை எங்கள் கடற்கரையில் எழுந்திருக்குமோ என்னவோ. இந்தப் பயணத்துக்கு நான் கிளம்பியதற்கு அந்தக் கப்பல்களும் ஒரு காரணம்.

திருகோணமலைப் பேருந்து நிலையத்தில் மூதூர் பஸ்ஸில் ஏறினேன். பலகையில் மூன்று எழுத்திலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. சிங்களத்தில் த்ரிகுணாமலய. ஆங்கிலத்தில் ட்ரிங்கோமலீ. தமிழில் திருகோணமலை, இலக்கணப்படி எழுதுகிறவர்கள் நடுவில் ஒரு க் சேர்த்துத் திருக்கோணமலை என்பார்கள், அரசுப் பலகைகளில் அந்த க் இல்லை. நடத்துனர் இவை எதையும் சொல்வதில்லை. எதிர்த்திசையில் போகும் பஸ்காரர்கள் ‘திருமலை, திருமலை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவனுக்குத் திருமலை என்றால் வேங்கடம் நினைவுக்கு வரும். இங்கே அது சிவன் கோணேசராக இருக்கும் மலை. விடுமுறைக்கு வரும் கொழும்புக்காரர்கள் ட்ரிங்கோ என்கிறார்கள்.

துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகும் அந்தச் சாலையில் ஒவ்வொரு நிறுத்தமும் ஒவ்வொரு காலத்தைச் சொல்லும். சீனக்குடா வருகிறது, ஆங்கிலத்தில் அதைச் சைனா பே என்பார்கள், பிரிட்டிஷ் கடற்படை எண்ணெய்க் குதங்களை நிறுவிய இடம். துறைமுகத்தின் வாயில் ஒஸ்டன்பேர்க் என்ற ஒல்லாந்தப் பெயர் இன்னும் இருக்கிறது. நகரக் கோட்டை, 1803இல் யார்க் கோமகன் பிரெடெரிக்கின் பெயரைப் பெற்றது. வந்தவர்கள் தங்கள் பெயரைக் கோட்டைக்கும் முனைக்கும் வைத்தார்கள். ஊரின் பெயரை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. அவரவர் நாக்குக்கு ஏற்ப உருட்டிக்கொள்ள முடிந்தது, அவ்வளவுதான்.

கிண்ணியாப் பாலம் வந்தபோது பக்கத்து இருக்கைப் பெரியவர், ‘முந்தி இதில பாதைதான் தம்பி’ என்றார். இங்கே ‘பாதை’ என்றால் வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு களப்பைக் கடக்கும் மிதவை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது, 396 மீட்டர் நீளம். உப்பாறு, இறால்குழி, கங்கை ஆகிய இடங்களின் பாலங்கள் அதற்குப் பின் வந்தன. அதற்கு முன்னால் மூதூருக்குத் தரை வழியாகப் போகிறவர்கள் பாதை மாறிப் பாதை மாறித்தான் போக வேண்டும். இல்லையென்றால் குடாவைக் குறுக்கே கடக்கும் லாஞ்சு. மகாவலியின் கிளை கடலில் சேரும் இடத்தைக் கங்கை என்றே சொல்கிறார்கள். இறால்குழியில் இறால், உப்பாற்றில் உப்பு. எவரும் அரும்பொருள் தேடி வைத்த பெயர்கள் இல்லை. அந்த இடத்தில் என்ன இருந்ததோ, அதையே கூப்பிட்டிருக்கிறார்கள்.

மூதூரும் அப்படித்தான்: மூத்த ஊர். ஆங்கிலத்தில் முட்டூர் என்று படிக்கும்படி டகரத்தை இரட்டித்து எழுதிவிட்டதால் நெடில் தொலைந்தது. அதைத் திரும்பத் தமிழாக்கி ‘முத்தூர்’ என்று முத்துக்குளிப்போடு இணைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் ஒரு மொழிக்குள் போய், உருமாறி, திரும்பி வரும்போது இப்படிப் புதுக்கதையோடு வரும். கும்பகோணம் அதற்குப் பெரிய சாட்சி. தேவாரத்தில் அது குடமூக்கு. குடத்தைக் கும்பமாக்கி, மூக்கைக் கோணமாக்கி (வடமொழியில் மூக்குக்கு அப்படி ஒரு சொல் உண்டு) மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்ப்பு நிலைத்தது, மூலம் ஓதுவார்களிடம் மட்டும் தங்கிவிட்டது.

மூதூரில் ஒரு கல் உண்டு. 1893இல் நட்டது. 1660இல் இந்தக் கரையில் ஆன் என்ற ஆங்கிலக் கப்பலின் ஆட்களைக் கண்டி அரசனின் வீரர்கள் பிடித்துப் போனார்கள். புயலில் பாய்மரம் ஒடிந்து, அதைச் சரிசெய்ய ஒதுங்கியவர்கள் அவர்கள். தலைவன் ராபர்ட் நொக்ஸ். கூடவே அதே பெயருடைய மகன். தந்தை மறு ஆண்டே சிறையிருப்பில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் அடைபட்டிருந்து, தப்பிப் போய், 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிடிபட்டது ஒரு புளிய மரத்தடியில் என்பது நம்பிக்கை. கல்லில் வெள்ளைக்காரன் மரம் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. எனக்கு வேண்டியது நொக்ஸ் இந்தக் குடாவை எப்படி எழுதினார் என்பது. ‘கொடியார்’ என்று எழுதினார். கொட்டி என்ற நீர்க்கொடி நிறைந்த கொட்டியாரத்தை அந்த இளைஞன் காதால் கேட்டு, தன் மொழியின் எழுத்தில் கிட்டத்தட்டச் சரியாகவே வைத்திருக்கிறான். கண்டியைப் பற்றிச் சொல்லும்போது, கந்த உட என்றால் மலைமேல் என்று பொருளையும் கேட்டு எழுதியிருக்கிறான். மக்களோடு மக்களாக வாழ நேர்ந்தவன் பெயரை எழுதுவதற்கும் கப்பல் தட்டில் நின்று கேட்டவன் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு.

கப்பல் தட்டில் நின்று கேட்டவர்கள் கோணமலையை என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அது தெளிவாகும். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பரோஸ் திரிகினமலே என்று எழுதினார். 1602இல் இன்னொரு போர்த்துக்கேயரான கூத்தோ எழுதும்போது அது திரிகில்லிமலே. 1672இல் ஒல்லாந்த மதகுரு பல்தேயுஸ் ட்ரிங்கெனமலே என்றார். 1726இல் இன்னொரு ஒல்லாந்தரான வாலன்டைன் ட்ரிங்கெனமலே என்று எழுதிவிட்டு, சரியான வடிவம் திரிகூன்மலே என்று திருத்தினார். மறு ஆண்டு அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மாலுமி ட்ரங்கமலயா என்று எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ட்ரிங்கொனொமலே என்ற வடிவம் பரவி, அதிலிருந்து ஓரசை உதிர்ந்து, இன்றைய ட்ரிங்கோமலீ நின்றது.

இந்த வரிசையை மெதுவாகப் படித்தால் காது எப்படி வேலை செய்தது என்று தெரிகிறது. ‘திரு’ என்ற தொடக்கம் ஐரோப்பிய வாயில் பல இடங்களில் ‘ட்ரி’ ஆகும். திருச்சிராப்பள்ளி ட்ரிச்சினோப்பொலி ஆனதும் திருவனந்தபுரம் ட்ரிவாண்ட்ரம் ஆனதும் அதே வழியில். பரோஸின் வடிவத்தில் மூக்கொலி ஒன்று, கோணத்தின் ணகரம், தன் இடத்திலேயே இருக்கிறது. ஒல்லாந்தர் கைக்கு வரும்போது அந்த மூக்கொலி முன்னோக்கி ஓடி ‘ட்ரி’யோடும் ஒட்டிக்கொள்கிறது: ட்ரின். கொஞ்ச காலம் இரண்டு இடத்திலும் இருந்தது. பிறகு அசல் இடத்தில் இருந்தது மறைந்து, வந்தேறியது மட்டும் தங்கியது. ஆக ஆங்கிலப் பெயரில் நாம் காணும் ‘ன்’, கோணத்தின் ணகரம் இடம்பெயர்ந்து போய் உட்கார்ந்த ஒன்று. கடைசியில் வரும் மலை, போர்த்துக்கேய எழுத்தில் மலே என்று ஓரளவு சரியாகவே இருந்தது. அந்த ஏகாரத்தை ஆங்கிலேயர் இரட்டை எழுத்தாக்கியதும் படிப்பவர்கள் மலீ என்றார்கள்.

வாலன்டைன் திருத்திய ‘திரிகூன்மலே’ என்னை அதிகம் ஈர்க்கிறது. ஒல்லாந்த எழுத்தில் அந்த உயிர் ஊகாரமாக ஒலிக்கும். சிங்களத்தின் த்ரிகுணாமலய என்ற ஒலிக்கு அது மிக அருகில். ஒல்லாந்தருக்கு இந்தப் பெயர் தமிழ் வாயிலிருந்தும் சிங்கள வாயிலிருந்தும் இரண்டு வழியாகவும் போயிருக்கிறது, அதனால்தான் அவர்கள் ஏடுகளில் இரண்டு வடிவம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமான ஹாப்சன்-ஜாப்சன், இந்தப் பெயருக்கு விளக்கம் தேடும்போது தரங்கமலை என்று ஒரு கருத்தையும் குறிப்பிட்டு, பழைய வடிவங்களுக்கு அது பொருந்தாது என்கிறது. தரங்கம்பாடிக்காரனான எனக்கு அந்த வரியைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அங்கே ஒட்டிய அதே அலை இங்கேயும் ஒட்டப் பார்த்திருக்கிறது, பாறை இடம் கொடுக்கவில்லை.

இந்தப் பெயருக்கு இரண்டு பழைய வேர்கள் சொல்லப்படுகின்றன. மகாவம்சம் இந்த இடத்தைப் பாலியில் கோகண்ண என்கிறது. மகாசேன மன்னன் தேவர் கோயில்களை அழித்து விகாரைகள் எழுப்பிய இடங்களில் இதுவும் ஒன்று என்று பதிவு செய்கிறது. வடமொழியில் அது கோகர்ணம், பசுவின் காது. சக ஆண்டு 1145, அதாவது 1223இல், சோடகங்கன் இங்கே வந்ததைச் சொல்லும் கிரந்தக் கல்வெட்டிலும் கோகர்ணம் என்ற சொல் உண்டு. மறுபக்கம் தமிழில், ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணமாமலை என்று பாடுகிறார். சோழர் கால நிலாவெளிக் கல்வெட்டு கோணபர்வதம் என்றும் திருக்கோணமலை என்றும் ஒரே மூச்சில் எழுதுகிறது. கோணம் கோகர்ணத்திலிருந்து தேய்ந்ததா, கோகர்ணம் கோணத்துக்குப் போர்த்திய வடமொழிப் போர்வையா என்று அறிஞர்கள் இரு பக்கமும் நிற்கிறார்கள். அந்த வாதத்தில் அரசியலும் கலந்துவிட்டது. எது முதல் பெயர் என்று நிறுவினால் யார் முதல் குடி என்று நிறுவியதாகிவிடும் என்ற அவசரம் இரு தரப்பிலும் தெரிகிறது.

நான் சம்பந்தரையே சாட்சிக்கு அழைப்பேன். கன்னட நாட்டுக் கடற்கரையில் கோகர்ணம் இருக்கிறது. அதையும் சம்பந்தர் பாடியிருக்கிறார், கோகரணம் என்ற பெயரிலேயே. ஒரே கவிஞர், ஒரே காலம், மேலைக் கடலோரத்துக்கு ஒரு பெயர், கீழைக் கடலோரத்துக்கு வேறு பெயர். அவர் காதில் இவை ஒன்றாக ஒலிக்கவில்லை. தமிழ்ச் சைவர்கள் இந்த மலையைக் கோணம் என்றே அறிந்திருந்தார்கள், பாலி ஏடு எழுதிய துறவிகள் கோகண்ண என்று அறிந்திருந்தார்கள், இரண்டு பெயரும் ஒரே பாறையின் மேல் பல நூற்றாண்டுகள் சேர்ந்தே வாழ்ந்தன என்பதே எனக்குப் படுகிறது. ஒன்று இன்னொன்றைத் தின்று வளர்ந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று கோணம், மூன்று சிகரம் என்ற விளக்கம் ‘திரு’வைத் ‘திரி’ என்று கேட்டதால் வந்தது. கும்பகோணத்துக் கோணத்தை நினைத்தால், கடலுக்குள் நீளும் இந்த மலைக்கு மூக்கு என்ற பொருளும் பொருந்தும் என்று சம்பூர்க் கரையில் நின்றபோது எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்கிறேன், தரங்கம்பாடிக்குப் பிறகு இதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

மூதூரிலிருந்து சம்பூருக்கு ஓட்டோவில் போனேன். கட்டைபறிச்சான், சேனையூர், கடற்கரைச்சேனை என்று வழி. காட்டை வெட்டிக் கட்டையைப் பறித்துப் பயிர் செய்தவர்களின் உழைப்பு அப்படியே பெயர்களில் கிடக்கிறது. சேனை என்ற சொல் சிங்களத்தில் ஹேன. ஆங்கில ஆட்சியின் ஆவணங்களில் அது சேனா ஆகி, இலங்கையின் காணிச் சட்டங்களுக்குள் போய் உட்கார்ந்தது. பெயர் பரவுவது துறைமுகங்களுக்கு மட்டும் வாய்த்த பேறில்லை.

சம்பு என்றால் நீர்க்கரையில் வளரும் கோரை. நாவலுக்கும் அந்தச் சொல் உண்டு, சிவனுக்கும் உண்டு. ஊருக்குள் கோயில்களுக்குக் குறைவில்லை, பத்திரகாளி அம்மன் கோயில் சுற்றுவட்டாரம் அறிந்தது. ஆகவே சிவன் பெயர் என்று சொல்ல ஆசை வரும். நான் கோரையின் பக்கம். பக்கத்தில் கொட்டிக்கொடிக்குக் கொட்டியாரம், இறாலுக்கு இறால்குழி, கட்டைக்குக் கட்டைபறிச்சான் இருக்கும்போது, குளத்தோரக் கோரைக்கு ஓர் ஊர் இருப்பதே இயல்பு.

கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த முதியவரிடம், அக்கரை மலையைக் காட்டி அதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் ஐயா என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை.

‘டவுனுக்குப் போறதெண்டா திருமலைக்குப் போறம் எண்டு சொல்லுவம். கோயிலெண்டா கோணேசர். கடலுக்க நிண்டா மலை, அவ்வளவுதான். மலையப் பாத்துத்தான தம்பி நாங்க வள்ளத்தத் திருப்புற.’

கொஞ்சம் கழித்து அவரே தொடர்ந்தார். ‘முகாமில இருக்கேக்க மலையக் காண ஏலாம இருந்தது.’

பல நூற்றாண்டுகளாகக் கோணமலையின் பெயர் கப்பலேறி உலகம் சுற்றியது. சம்பூரின் பெயரோ, இந்தக் குடாவைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தது. அதை உலகத்துக்குக் கொண்டுபோனது பீரங்கி. துறைமுகத்துக்கு நேர் எதிரே இருப்பதால், இங்கிருந்து சுட்டால் கடற்படைத் தளத்தை எட்டும் என்பதால், 2006இல் உள்நாட்டுப் போரின்போது சம்பூர் எல்லாச் செய்தி நிறுவனங்களின் எழுத்திலும் ஏறியது. ஏப்ரல் மாதம் குண்டு வீச்சு, செப்டம்பர் தொடக்கத்தில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. ஊரில் ஆள் இல்லை. மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களுக்கு வந்து, சொந்த ஊருக்குச் சில மைல் தூரத்தில் கூரைத் தகரத்தின் கீழ் மக்கள் ஆண்டுகளைக் கழித்தார்கள்.

அந்தக் காலத்தில் அரச ஏடுகளில் இந்த நிலத்துக்கு வேறு பெயர்கள் வந்தன. 2007இல் உயர் பாதுகாப்பு வலயம். 2012இல் 818 ஏக்கர் கனரகக் கைத்தொழில் வலயம். இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு சேர்ந்து எழுப்ப இருந்த நிலக்கரி மின்நிலையத்தின் திட்டப் பெயர். ஒரு கடற்படை முகாமின் பெயர். வயலுக்கும் வளவுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக் கூப்பிட்ட இடங்கள் எல்லாம் ஏக்கர் கணக்கில் ஒன்றாகிப்போயின. போர்த்துக்கேயர் ஒரு பெயரைத் தவறாகக் கேட்டார்கள். அதில் கோபப்பட எனக்கு எதுவுமில்லை. மனிதர்களை வெளியேற்றிவிட்டு அவர்கள் நிலத்துக்கு எண்ணிட்டதை அப்படி என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெயர் காணிக்காரர்களோடு வெளியேறியிருந்தது. முகாமில் பிறந்த குழந்தையிடம் எந்த ஊர் என்று கேட்டால் சம்பூர் என்று சொல்லும் என்று அந்த முதியவர் சொன்னார். சம்பூரைக் கண்ணால் பார்க்காத பிள்ளை. 2015 ஆகஸ்டில் காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கின. கடற்படை முகாமிருந்த நிலம் 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. அதே ஆண்டு நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. திரும்பி வந்தவர்களுக்கு வீடு இல்லை, வேலி இல்லை, பல இடங்களில் மரமும் இல்லை. கிணற்றை வைத்து வளவைக் கண்டுபிடித்தோம் என்று ஒரு பெண் சொன்னார். எல்லைக்கல் போன பிறகும் இது இன்னாரின் வளவு, இது இன்ன வெளி என்று வாய்ப்பெயர்களை வைத்தே அயலவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லி எல்லை பிரித்திருக்கிறார்கள். ஊர்ப் பெயர் ஆராய்ச்சி என்று நான் நூலகங்களில் தேடிக்கொண்டிருந்த விஷயம், இங்கே ஒரு குடும்பத்துக்குக் காணியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இப்போது இந்திய இலங்கைக் கூட்டு முயற்சியில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் வருகிறது. 2025 ஏப்ரலில் கொழும்பிலிருந்தபடியே தொடக்க விழா நடந்தது. அதன் பெயர் சம்பூர் சூரிய மின்திட்டம். பெயராவது ஊருடையது.

அக்கரைப் பெயர் போன தூரத்தையும் சொல்ல வேண்டும். 1782இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பற்படைகள் இந்தக் கடலில் மோதின. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அப்போது கோட்டையைப் பிடித்திருந்தார். அந்தச் சண்டையின் நினைவாக ஒரு போர்க்கப்பலுக்கு ட்ரிங்கோமலீ என்று பெயரிட்டார்கள். பம்பாயில், வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் தேக்கில் கட்டிய கப்பல் அது. 1817 அக்டோபர் 12இல் நீரில் இறங்கியது. தேக்கு என்பதால் இன்னும் மிதக்கிறது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில், மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மிகப் பழையதாக அதைக் காட்டுகிறார்கள். 1850களில் அது பசிபிக் கடலில் இருந்ததை ஒட்டி, கனடாவின் மேற்குக் கரையில் கலியானோ தீவை ஒட்டிய ஒரு நீரிணைக்கு அதன் பெயரை வைத்தார்கள். இன்றும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடல் வரைபடத்தில் ட்ரிங்கோமலி நீரிணை உண்டு. மலையிலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து சண்டைக்கு, சண்டையிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து இன்னொரு கண்டத்தின் தண்ணீருக்கு. அங்கே பெர்ரி ஏறும் எவருக்கும் அந்தப் பெயருக்குள் தமிழ் மலை ஒன்று இருப்பது தெரிய வழியில்லை. கனடாவில் இன்று ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்களில் கொட்டியாரத்துப் பிள்ளைகள் யாராவது அந்த நீரிணையைக் கடந்து போயிருப்பார்கள் என்று எண்ண எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் கரைக்கும் அந்தப் பெயர் மரமாக வந்தது. இலங்கைத் தமிழில் அந்த மரம் சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. உறுதியும் நெகிழ்வும் சேர்ந்த அந்த மரம் சென்னைக்கு ஏற்றுமதியானது. துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னை அலைகளைக் கடந்து கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோன மசூலாப் படகுகளை அதில் செய்தார்கள். ஆங்கிலேயர் அதை ட்ரிங்கோமலீ மரம் என்றார்கள். சென்னைத் தச்சர்களிடமிருந்து கேட்டு வனத்துறையினர் எழுதிய தமிழ்ப்பெயர் திரிகணமலை. நெருப்பில் காட்டிய இரும்புபோல அதுவும் வளைந்துதான் வந்திருக்கிறது, ஆனால் வளைத்த நாக்கு இம்முறை தமிழ் நாக்கு. கோணமலையைத் திரிகணமலை ஆக்க வெள்ளைக்காரன்தான் வேண்டும் என்பதில்லை.

மாலை பஸ்ஸில் வடக்கே திரும்பாமல் தெற்கே போனேன். கிளிவெட்டி தாண்டி, வெருகல் ஆற்றைக் கடந்து, வாகரை வழியாகச் சாலை மட்டக்களப்புக்குப் போகிறது. போர்த்துக்கேயர் அந்தப் பெயரின் மகரத்தைப் பகரமாகக் கேட்டார்கள். பத்தெகலோ, பட்டிகலோ என்று போய் ஆங்கிலத்தில் பற்றிக்கலோவா ஆனது. மட்டமான களப்பு என்கிறார்கள், களப்பின் எல்லை என்கிறார்கள், விளக்கங்கள் நான்கைந்து உண்டு. வாகரையில் ஏறிய ஒருவரிடம் விசாரிக்கத் தொடங்கினேன்.